புளியங்கொட்டை ஏற்றிய ரயில்

போன மாதம் சென்னையில் தம்பி வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவனுக்குப் புதிதாக ஒரு கிறுக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகளை வாங்கி ரயில் கட்டுகிறான். கூடத்தில் பாதியை அந்த ரயில் பிடித்துக்கொண்டுவிட்டது. கறுப்பு நீராவி எஞ்சின், சிவப்புப் பெட்டிகள், தண்டவாளம், சிக்னல் எல்லாம் உண்டு. செல்போனில் விரலை வைத்தால் வண்டி கிளம்புகிறது, எடுத்தால் நிற்கிறது. கடையில் கொடுத்த படத்தில் இருக்கிறபடியே கட்டினால் அவனுக்குப் பிடிக்காதாம். எஞ்சினின் மூக்கை நீட்டி, சக்கரத்தை மாற்றி, நாங்கள் சின்ன வயதில் பார்த்த ராமேஸ்வரம் வண்டி மாதிரியே ஆக்கியிருக்கிறான். கறுப்புக் கட்டை மட்டும் தனியாக ஒரு பை நிறைய வரவழைத்து வைத்திருக்கிறான்.

அவனுடைய பேரன், நான்கு வயதுப் பயல், மண்டிபோட்டு நகர்ந்து வந்து ஒரு பெட்டியைத் தொட்டான். "தொடாதே! தாத்தா வச்சிருக்கேன்ல!" என்று தம்பி போட்ட சத்தத்தில் பிள்ளை மிரண்டுவிட்டது. எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ தெரியவில்லை.

"பொம்மைய வாங்கிப் பரப்பி வச்சுக்கிட்டுப் பிள்ளையத் தொடாதேங்கிறியே. நீயுமாடா?" என்று கேட்டேன்.

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் எதைச் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். வண்டியை நிறுத்தி, அந்தப் பெட்டியைக் கழற்றிப் பேரன் கையில் கொடுத்தான். 

அறுபதைத் தாண்டியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால், ஒரு பெட்டி பிளாஸ்டிக்குக்கா இந்தப் பாடு என்று கேட்பார்கள். நமக்குத் தெரியும், அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சோப்பு டப்பா என்ன மரியாதையோடு அலமாரியில் இருந்தது என்று. சோப்பு தீர்ந்து வருஷக்கணக்கான பிறகும் டப்பாவை முகர்ந்து பார்த்தவர்கள்தானே நாம்.

காரைக்குடியில் எங்கள் வீடு. எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஏழு. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம், அக்காவை ஆச்சி என்போம். எங்கள் ஆச்சிக்குப் பத்தொன்பது வயது, வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். இவர்களைத் தவிர வீட்டில் அத்தை இருந்தார். அப்பச்சியின் அக்கா. மாமா கடல் கடந்து போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோக, பிள்ளையில்லாத அத்தை பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார். பள்ளத்தூரில் மாமாவின் பூர்வீக வீட்டில் அத்தைக்கு ஒரே ஒரு அறை உண்டு. பங்காளிகள் எல்லாரும் வெளியூரில் இருந்ததால் அந்தப் பெரிய வீடு பூட்டியே கிடந்தது. அங்கே போய்த் தனியாக இருக்க வேண்டாம் என்றுதான் அப்பச்சி கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் இருப்பது எங்கள் வழக்கத்தில் கொஞ்சம் சங்கடமான இருப்புதான். அந்தச் சங்கடத்தைத் தீர்க்கிற மாதிரி ஆத்தா சாமான் அறைச் சாவியை அத்தையிடம் கொடுத்து வைத்திருந்தார். சாண் நீள இரும்புச் சாவி. அதை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்து அத்தை இடுப்பில் செருகியிருப்பார். அந்தச் சாவி இருக்கிறவரைக்கும் அத்தை அந்த வீட்டில் விருந்தாளி இல்லை.

சாமான் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் பெண் பிறந்த அன்றே சாமான் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பித்தளை, வெண்கலம், எனாமல், பீங்கான், பாய், பெட்டி என்று கண்ணில் பட்டதெல்லாம் வாங்கி அந்த அறைக்குள் போகும். கல்யாணத்தன்று அத்தனையையும் முற்றத்தைச் சுற்றியிருக்கிற வளவில் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பார்கள், ஊரும் வந்து பார்க்கும். அதில் வெளிநாட்டுச் சாமான் எத்தனை என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். அறைக்குள் போன பொருள் பெண்ணின் கல்யாணத்தன்றுதான் வெளியே வரும்.

அந்தத் தை மாதம் பினாங்கிலிருந்து சித்தப்பா வந்தார். எனக்கும் தம்பிக்கும் என்று ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். மேலே ஒரு வீட்டின் படம். சிவப்புக் கூரை, வெள்ளைச் சுவர், நீல ஜன்னல், வாசலில் ஒரு மஞ்சள் கார். பெட்டியை ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. தம்பி அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான். ஒரு சுற்றுதான் ஓடினான். ஆத்தா குறுக்கே வந்து வாங்கிக்கொண்டார்.

"பிரிச்சுக் கிரிச்சுப்புடாதீக. ஃபாரின் சாமான். சாமானுக்கு ஆகும்."

"பிள்ளைகளுக்குன்னு கொண்டாந்தேன்" என்று சித்தப்பா மெல்லச் சொன்னார்.

"பிள்ளைகளுக்குத்தான். நாளைக்கு இவளுக்குப் பரப்பையில வைப்பம். இவ பிள்ளை வெளையாடட்டும்."

இவள் என்றது என்னை. எனக்குப் பத்து வயது. எனக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்காக என் பொம்மை சாமான் அறைக்குள் போயிற்று. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று தம்பி ராத்திரிச் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டான். ஆத்தாவைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அவர் சின்ன வயதில் அவருக்கு வந்த பீங்கான் பொம்மைகளும் அப்படித்தான் அறைக்குள் போயின. அவர் கல்யாணத்தன்றுதான் அவற்றைத் தொட்டே பார்த்தாராம். அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

மாசியில் புளி வந்து இறங்கியது. வருஷத்துக்கான புளியை வளவில் கொட்டி, அத்தை பகல் முழுக்கக் கொட்டை எடுப்பார். மூன்றாவது தூணில் சாய்ந்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு, சிறிய சுத்தியலால் தட்டித் தட்டி எடுப்பார். என்னையும் செல்லமாக ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் கையெல்லாம் புளியாக இருக்க, "ஆத்தா, உள்ள போயி அந்தப் பெரிய மொறத்த எடுத்துக்கிட்டு வா. என் இடுப்புல இருந்து சாவிய நீயே உருவிக்க" என்றார். நான் உருவிக்கொண்டு போனேன்.

முறம் வாசலருகிலேயே இருந்தது. நான் இன்னும் உள்ளே போனேன். அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம் ஒட்டியிருந்த டேப் புழுக்கத்தில் தானாகவே எழும்பியிருந்தது. உள்ளே ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள். இரண்டு கை அள்ளிப் பாவாடை மடியில் கட்டிக்கொண்டேன். முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சாவியை அத்தையின் இடுப்பில் நானே திரும்பச் செருகினேன். அவர் தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அத்தை எதற்கு அனுப்பினாலும் நானே ஓடினேன். "இம்புட்டுச் சொன்ன பேச்சுக் கேக்குற பிள்ளைய எங்கயும் பாக்க முடியாது" என்று ஆத்தாவிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்.

வீடு கட்ட எங்களுக்கு ஆசை இல்லை. நாங்கள்தான் வீட்டுக்குள்ளேயே கிடந்தோமே. தம்பிக்கு ரயில் வேண்டும். ஸ்டேஷனுக்குப் போய் ராமேஸ்வரம் வண்டியைப் பார்த்துவிட்டு வந்த நாளெல்லாம் அவன் தூக்கத்தில் கூவுவான். ஆனால் பெட்டிக்குள் இருந்தது வீட்டுக்கும் காருக்குமான சாமான். சக்கரம் நான்கே நான்கு. கறுப்பு ஒன்றுகூட இல்லை. ஆகவே எல்லாவற்றையும் நாங்களே உண்டாக்கினோம். அப்பச்சியின் பழைய கோட்டில் இருந்த பெரிய பித்தான்கள் சக்கரம் ஆயின. ஒடிந்த குடையின் கம்பியை அறுத்து அச்சாணி செய்தோம். அந்த அச்சாணியை மாட்ட ஓட்டை வேண்டுமே. அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கட்டையின் பக்கவாட்டில் குத்தினேன். சுர்ரென்று இறங்கியது. அந்தப் பிளாஸ்டிக் கருகிய வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஆத்தா மோப்பம் பிடித்து வந்து, வயர் எரிகிறது என்று பயந்து மெயினை அணைத்துவிட்டார். ஒரு மணி நேரம் வீடே விசிறி இல்லாமல் வெந்தது.

எஞ்சினுக்குக் கறுப்பு பூச முதலில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்தோம். கையில் ஒட்டிக்கொண்டு எஞ்சின் மறுபடி வெள்ளையானது. பிறகு அப்பச்சியின் பூட்ஸ் பாலிஷைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றினோம். அது பிடித்துக்கொண்டது. பேனா மூடி புகைபோக்கி. பெட்டிக்கும் பெட்டிக்கும் ஊக்கு மாட்டி இணைத்தோம். சிவப்புக் கட்டையெல்லாம் பிரயாணிப் பெட்டி, மஞ்சளில் ஒரு கூட்ஸ். தண்டவாளம் மட்டும் நாங்கள் செய்யவில்லை. எங்கள் வளவுத் தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தது. ஓரத்தில் கருஞ்சிவப்பில் ஒரு பட்டை நாலு பக்கமும் ஓடும். அந்தப் பட்டைதான் லைன். வாசல் நிலை காரைக்குடி, மூன்றாவது தூண் கல்லல், கிணற்றடிக் கதவு சிவகங்கை, அடுப்படிப் படி மானாமதுரை.

மூன்றாவது தூணில்தான் அத்தை உட்கார்ந்திருந்தார் என்று சொன்னேன் அல்லவா. அவரைத் தாண்டாமல் வண்டி போக முடியாது. முதல் நாள் வண்டி அவர் காலில் முட்டி நின்றது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாலிஷ் வாடையை முகர்ந்தார்.

"ஏதுத்தா இது?"

"கூடப் படிக்கிற பிள்ளை கொடுத்துச்சு" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அத்தைக்குத் தெரியாது. மேலே வீட்டுப் படம், உள்ளே கலகல சத்தம், அவ்வளவுதான் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அத்தை காலை மடக்கி வழிவிட்டார். "கல்லல்ல நிக்காமப் போகக் கூடாதுல்ல? டோக்கன் வாங்காம எப்படிப் போவீக?" என்று கேட்டு, ஸ்டேஷனில் டிரைவரிடம் நீட்டுகிற டோக்கன் வளையத்துக்குப் பதிலாகத் தம்பியின் பழைய கைக்குழந்தை வளையலை எங்கிருந்தோ தேடி எடுத்துவந்தார். எஞ்சின் வந்து நின்றால் அந்த வளையலைப் புகைபோக்கியில் மாட்டி, "லைன் கிளியர்" என்பார். ஸ்டேஷன் மாஸ்டர் சும்மா இருந்தால் ஆகுமா என்று கூட்ஸ் பெட்டியில் புளியங்கொட்டை ஏற்றி அனுப்புவார். மானாமதுரையில் இறக்கி ஒரு பவுடர் டின்னில் சேர்ப்போம். தினமும் டின் நிறைந்தது.

ஒருநாள் பிரயாணிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல எல்லாம் அடைச்சுல்ல கெடக்கு. காத்து வர வேணாமா? எனக்கு ஒரு ஜன்னல் வையித்தா. நான் ஜன்னலோரந்தேன் உக்காருவேன்" என்றார். சாமான் அறை அட்டைப்பெட்டியிலிருந்து நீல ஜன்னல் ஒன்றைத் திருடிவந்து அத்தைக்கு வைத்துக்கொடுத்தேன். அதற்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்து, "சிவகங்கை தெரியுது" என்று சிரித்தார்.

திருடி என்று இன்று எழுதுகிறேன். அன்று அப்படித் தோன்றவில்லை. எங்கள் பொம்மையை நாங்கள் எடுத்தோம். ஆனாலும் பயம் இருந்தது. ஆத்தா எப்போதாவது சாமான் அறைக்குள் வந்து அந்தப் பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார். அவருக்கு அந்தச் சத்தம் ஒரு திருப்தி. எடுத்த அளவுக்கு உள்ளே ஏதாவது போட வேண்டுமே. கல் போட்டால் கனக்கும், பஞ்சு போட்டால் சத்தம் வராது. தம்பிதான் புளியங்கொட்டையைக் காட்டினான். டின்னை ஆட்டிப் பார்த்தோம். அதே கலகல. ஒவ்வொரு முறையும் ஒரு மடி கட்டையை எடுத்து ஒரு மடி கொட்டையைக் கொட்டி, அடிப்பக்க டேப்பைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்தேன். பங்குனி முடிவதற்குள் பெட்டி முழுக்கப் புளியங்கொட்டை. ஆத்தா ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வைத்துவிட்டுப் போனார்.

என் கல்யாணத்துக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறதே என்றுதான் நாங்கள் தைரியமாக இருந்தோம். சித்திரைக் கடைசியில் ஆத்தா, "மாப்பிள்ளை வீட்டுல பெரிய கை. ஃபாரின் சாமான் பத்தாது போல இருக்கு. அந்தப் பொம்மைப் பெட்டியவும் பெரியவளுக்கே வச்சுருவம். சின்னவளுக்குப் பெறகு பாப்பம்" என்று அத்தையிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்றே தம்பியும் நானும் கிணற்றடிக்குப் போய்க் கட்டைகளை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தோம். சீயக்காய் போட்டுத் தேய்த்தோம். பாலிஷ் போகாமல் சாம்பல் நிறமாகப் பரவியது. ஓட்டைகளில் மெழுகுவர்த்தி உருக்கி ஊற்றினோம். காய்ந்ததும் மெழுகு கழன்று விழுந்தது. தம்பி அழ ஆரம்பித்தான். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கட்டி மாடியில் பழைய நெல் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தோம்.

அந்த ஒரு வாரமும் அத்தை என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தார். "என்னத்தா, முகம் வாடிக் கெடக்கு? வண்டி ஏன் ஓடல?" என்றார். வயிற்று வலி என்றேன். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அவர் ஊதி ஊதிக் கொடுத்த அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் அதுதான் கடைசி வாய்ப்பு. குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று வளவு நிறையச் சாமான் பரப்பியிருந்தது. எங்கள் ரயில் ஓடிய பட்டை தெரியாதபடி அண்டாவும் குடமும் நின்றன. பொம்மைப் பெட்டியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடுவில், பீங்கான் தட்டுகளுக்கு மேலே வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா முன்னால் வந்தார். அவர் இடுப்பில் ஒரு சின்னப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அது பெட்டிப் படத்தைப் பார்த்துக் கை நீட்டியது.

"அட, கேக்குறான்ல. நம்ம வீட்டுக்கு வரப்போற சாமான்தானே, ஒண்ணு எடுத்துக் குடுப்பம்" என்று அந்தம்மா டேப்பைக் கிழித்தார். ஆத்தா தடுக்கவில்லை, பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தம்மா உள்ளே கையை விட்டார். வெளியே எடுத்துப் பார்த்தார். பிறகு பெட்டியை அப்படியே தரையில் கவிழ்த்தார்.

அத்தனை புளியங்கொட்டை. ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பில் அவை உருண்டு உருண்டு பாத்திரங்களுக்கு இடையே, வந்தவர்கள் காலுக்கு அடியே, முகப்பு வரைக்கும் போயின. பிறகு யாரோ ஒரு அம்மாள், "நல்ல ஃபாரின் சாமான்" என்றார். சிரிப்பு கிளம்பியது. நான் ஆச்சியைப் பார்த்தேன். கழுத்து நிறைய நகையோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுக்கு அடுத்த இருபது வருஷத்துக்கு மாமியார் வீட்டில் புளியங்கொட்டை என்றுதான் பெயர். சண்டை வந்தால் ஒருமுறை, சந்தோஷம் வந்தால் ஒருமுறை அதைச் சொல்லிக் காட்டினார்களாம்.

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போன சாயங்காலம், வீட்டின் பின்பக்கம் இரண்டாம் கட்டில் ஆத்தாவும் உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேரும் கூடி உட்கார்ந்தார்கள். அப்பச்சி தூணருகே நாற்காலியில் இருந்தார். யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான். அவர்கள் கேட்டதெல்லாம் கேள்விகள். சாவி யாரிடம் இருந்தது? இந்த வீட்டில் புளி உடைத்தது யார்? பங்குனியில் யார் இரண்டு தடவை பள்ளத்தூர் போய் வந்தது? அங்கே பங்காளி வீட்டில் லீவுக்குச் சின்னப் பிள்ளைகள் வந்திருந்தார்களாமே?

அத்தை கீழே கிடந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த மூடியின் உள்பக்கத்தில் கட்டைகளைத் தனித்தனியாகப் படம் போட்டிருந்தது. சிவப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை, நீல ஜன்னல். அதைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

ஆத்தா கையை நீட்டினார். "நீங்களும் எத்தனை நாளைக்குத்தேன் செரமப்படுவீக அண்ணி. சாவிய இங்குட்டுக் கொடுங்க. இனி நான் பாத்துக்கிறேன்."

அத்தை இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போய் நேரம் பிடித்தது. யாரும் உதவவில்லை. வெள்ளைச் சேலையில் சாவி இருந்த இடத்தில் துருக் கறை பட்டிருந்தது. அப்பச்சி எழுந்து முகப்புக்குப் போனார்.

தம்பி வாயைத் திறந்துவிடுவானோ என்று எனக்குப் பயம். "சொன்னா உன்னைத்தான் அடிப்பாக. ரயிலை அடுப்புல போட்டுருவாக" என்று அவனை மிரட்டினேன். ஏழு வயதுப் பிள்ளை, நம்பிவிட்டான். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான். கல்யாண அலைச்சல் என்றார் ஆத்தா.

அத்தை அதற்குப் பிறகு பத்து நாள் இருந்தார். அவருக்கு ஒரு வேலையும் யாரும் கொடுக்கவில்லை. மீதிப் புளியை உடைக்கக் கூலிக்கு ஆள் வைத்தார்கள். மூன்றாவது தூணில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சடையைப் பிரித்துப் பின்னிவிட்டார். பின்னிக்கொண்டே, "என்கிட்ட ஏதும் சொல்லணுமாத்தா?" என்று கேட்டார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. இல்லை என்றேன். ரிப்பன் கட்டி முடித்து, "சரி, போ" என்றார்.

பதினோராம் நாள் பள்ளத்தூருக்குப் போகிறேன் என்றார். அப்பச்சி, "இரேன்" என்று ஒரு வார்த்தை சொன்னார். இரண்டாவது வார்த்தை சொல்லவில்லை. ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதும் தலையை வெளியே நீட்டி என்னையே பார்த்தார். நான் கை ஆட்டினேன். வண்டி திரும்புகிற வரைக்கும் அவர் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். என்மேல் கோபம் இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று சாயங்காலமே துணிப்பையை எடுத்துக்கொண்டு போய் ஊருணியில் போட்டேன். பை மூழ்கவில்லை. உள்ளே பிளாஸ்டிக் அல்லவா. கல்லால் அடித்து அடித்துக் கிழித்த பிறகு கட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து மிதந்தன. சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகக் காற்றுக்குக் கரையோரமாகவே ஒதுங்கின. வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது ஒன்றையும் காணோம். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போயிருப்பார்கள். எந்தப் பிள்ளை எந்தக் கூடத்தில் அந்த நீல ஜன்னலை வைத்து விளையாடியதோ.

ஆத்தா கடைசிவரைக்கும் அத்தைதான் எடுத்தார் என்றே நினைத்திருந்தார். "போகட்டும், பிள்ளையில்லாதவ, யாருக்கோ ஆசையாக் கொடுத்துட்டா" என்று பெருந்தன்மையோடு மன்னிக்கவும் செய்தார். நல்லநாள் பெரியநாளுக்குப் பள்ளத்தூருக்குப் பலகாரம் போகும். அத்தை ஒருநாளும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

எனக்கும் கல்யாணமாயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். நாற்பது வயதுக்குமேல், ஆத்தாவும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒருநாள் பஸ் ஏறிப் பள்ளத்தூர் போனேன். ஆத்தா இருக்கும்போது ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள். பதில் உங்களுக்கே தெரியும். அந்தப் பெரிய வீட்டில் அத்தையின் அறை ஒன்றுதான் திறந்திருந்தது. கண் மங்கிவிட்டது, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். காபி போட்டுக் கொடுத்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அத்தை குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "தெரியுமே" என்றார். "அன்னைக்கே தெரியும். மூடியில ஜன்னல் படம் போட்டிருந்துச்சுல்ல. எனக்கு வச்சுக் குடுத்த ஜன்னல்."

"அப்ப ஏன் அத்தை சொல்லல?"

"நான் சொன்னா எடுபடுமாத்தா? சாவி வச்சிருந்தவ. தப்பிக்கிறதுக்குப் பச்சப்பிள்ளை மேல பழியப் போடுறாம்பாக. நீ சொன்னாத்தேன் உண்டு." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீயாச் சொல்லுவேன்னு பத்து நாள் இருந்து பாத்தேன். தல பின்னையில கேட்டும் பாத்தேன். பஸ்ஸுல ஏறி உக்காந்தும் மனசு கேக்கல. கடைசியாவாச்சும் ஓடியாந்து சொல்லுவியோன்னு தலைய வெளியே நீட்டிக்கிட்டே போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தியன்னா அங்ஙனயே எறங்கியிருப்பேன்."

நான் கை ஆட்டினேன். அதைத்தான் செய்தேன்.